துரைக்குக் கீழ்த் தளத்தில்தான் இடம்

1. டிஸ்ப்ளே இல்லாத லேப்டாப்

மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினேன். உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகவே இருந்தது. சர்வீஸ் லைனில் இதைவிடச் சுலபமான தீர்ப்பு கிடையாது.

"டிஸ்ப்ளே போயிருச்சுங்க," என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையில் போடப் போனேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டார்.

"அது போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. எனக்கு அது எதுக்குங்க? டிஸ்க்குதான் இருமுது. கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன், கவனிக்கவே இல்லை. மெஷினைக் கண்டால் மனுசரைப் பார்க்க மாட்டாய் என்று என் அம்மா என்னைத் திட்டுவது சும்மா இல்லை.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. சேலத்தில் கம்ப்யூட்டர் விற்று சர்வீஸும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் சர்வீஸ் இன்ஜினியர். ஏற்காட்டிலிருந்து வருகிற சர்வீஸ் அழைப்பு எல்லாம் என் தலையில்தான் விழும். கூட வேலை பார்த்த ஆண்பிள்ளைகளுக்கு ஹேர்பின் வளைவில் பஸ் திரும்பினால் வாந்தி வருமாம். லலிதாவுக்கு வராது, அவளை அனுப்பு என்பார் எங்கள் மேனேஜர் கோபிநாத். மலை சர்வீஸுக்கு எனக்கு இருந்த தகுதி அது ஒன்றுதான்.

நான் போயிருந்தது ஏரிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு லாட்ஜ். அந்தப் பெண் பெயர் மரகதம். லாட்ஜின் ரிசர்வேஷன் முழுக்க அவர் பொறுப்பு. போனை எடுப்பது, எந்தத் தேதியில் எந்த ரூம் காலி என்று சொல்வது, புக் பண்ணுவது, வெளியூர்க் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் லெட்டர் அடிப்பது எல்லாம் அவர்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. ஊர் மஞ்சக்குட்டை. காலையில் ஷேர் ஜீப்பில் வந்து இறங்கி, சாயந்திரம் அதே ஜீப்பில் திரும்பிப் போவார்.

லேப்டாப்பின் பின்னால், சீரியல் போர்ட்டில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. ஸ்கிரீனில் வருகிற எழுத்தை எல்லாம் அந்தப் பெட்டி இங்கிலீஷில் படிக்கும். மரகதம் படித்த பார்வையற்றோர் பள்ளியில் அதை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்கார ஆண் குரல், ஜலதோஷம் பிடித்தவன் பேசுவது மாதிரி மூக்கால் பேசும். மரகதம் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். 'துரை இன்னும் எந்திரிக்கலைங்க', 'துரை லெட்டர் படிச்சுட்டு இருக்கறாரு' என்று சாதாரணமாகச் சொல்வார். முதல் நாள் எனக்கு யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை.

காதைக் கொடுத்துக் கேட்டேன். அவர் சொன்னது சரிதான். டிஸ்க் ஓடி ஓடி நின்று, டொக் டொக் என்று தட்டிவிட்டு மறுபடி ஓடியது. இந்த மாதிரி தட்டுகிற டிஸ்க்கை ஒரு நாள்கூட நம்பக் கூடாது. அன்றைக்கே ஃபைல்களை ஃபிளாப்பியில் எடுக்க உட்கார்ந்தோம். ஸ்கிரீன் இல்லாததால் நான் டைப் அடிப்பது எனக்குத் தெரியவில்லை. துரை படிப்பதும் புரியவில்லை. மரகதம் வேகத்தை அவ்வளவு ஏற்றி வைத்திருந்தார், எனக்கு எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்டது. கடைசியில் அவர் டைப் அடித்தார், துரை சொல்வதைத் தமிழில் எனக்குச் சொன்னார், நான் ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டேன். ஃபைல் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

முடிக்கிற நேரத்தில் லாட்ஜ் முதலாளி பெரியசாமி உள்ளே வந்தார். சேலத்துக்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாத மனுசர். குரலை உயர்த்தாமலே தலையில் கல்லைப் போடுவார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"ஏனுங்க மேடம், சீசனுக்கு முந்தி புது மெஷின் வந்துருமுங்களா?"

"வந்துருமுங்க."

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. புது மெஷின்ல நானும் கண்ணால பார்க்கோணும், மரகதமும் வேலை பார்க்கோணும். ரெண்டும் ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. எங்க மச்சினர் பொண்ணு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சுட்டு சேலத்துல ஊட்லதான் இருக்குது. அதை வரச் சொல்லிக்கறேன்."

மரகதத்தை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ரூமில் பல்பு போனால் மாற்றுவது போலச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு மரகதம் துரையின் வயரைச் சுற்றிக்கொண்டே பேசினார். "துரை பேசற வரைக்கும்தான் நான் இங்க ரிசர்வேஷனுங்க. அவரு வாயை மூடிட்டா நான் ஊட்டுல உக்காந்து மொளகு உதுக்க வேண்டியதுதான். வேற எவன் எனக்கு வேலை குடுப்பான், நீங்களே சொல்லுங்க."

பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

2. முப்பத்திரண்டு எம்.பி.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எம்.பி. என்றால் ஒரு போட்டோவின் அளவு. அன்றைக்கு அது ஒரு மெஷினின் அந்தஸ்து. மரகதத்தின் பழைய லேப்டாப்பில் மெமரி இரண்டு எம்.பி., அதில் விண்டோஸுக்கு முந்தின டாஸ் ஓடியது. அவருக்காக நாங்கள் கொட்டேஷன் போட்ட பென்டியம் லேப்டாப்பில் பதினாறு எம்.பி., விண்டோஸ் 95, சி.டி. டிரைவ். கோபிநாத் கொட்டேஷனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "பதினாறு எதுக்குங்க, முப்பத்திரண்டாப் போட்டிருங்க. பேசற மெஷினுங்க, மெமரி நொம்ப வேணுமில்லீங்க," என்றாராம். கோபிநாத்துக்கு வாயெல்லாம் பல்.

கடையிலேயே விண்டோஸை ஏற்றி, பிரிண்டரை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் போட்டு, எல்லாம் பளபளவென்று தயார் செய்து எடுத்துக்கொண்டு போனேன். லாட்ஜ் ஆபீஸ் மேஜையில் வைத்து, துரையை மாட்டி, ஸ்கிரீன் எழுத்தை அவருக்கு அனுப்புகிற பேசும் புரோகிராமை ஏற்றி, மெஷினை ஆன் செய்தேன். துரை இருமினார். ஏதோ ஒரு வரி படித்தார். அதற்குள் விண்டோஸ் படம் வந்துவிட்டது, துரை வாயை மூடிக்கொண்டார்.

"எங்கீங்க துரை?" என்றார் மரகதம்.

முதலாளி எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. "அடேயப்பா, என்ன கலருங்க," என்று ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். டாஸில் ஸ்கிரீன் முழுக்க எழுத்து. எழுத்தை எடுத்து துரையிடம் கொடுத்தால் அவர் படித்துவிடுவார். விண்டோஸில் எழுத்தும் படமாகத்தான் வருகிறது. படத்தைக் கொடுத்தால் துரைக்கு ஒன்றும் விளங்காது. விண்டோஸைப் படிக்கிற புரோகிராம் வெளிநாட்டில் வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். சேலத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. தேடிப் பிடித்து வரவழைத்தாலும் அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

சரி, விண்டோஸுக்குள்ளேயே டாஸ் ஜன்னலைத் திறந்து ஓட்டலாம் என்று பார்த்தேன். துரை பேசினார். மரகதம் மூச்சு விட்டார். ரிசர்வேஷன் புரோகிராமைக் கூப்பிட்டேன். அது டாஸில் எழுதின பழைய புரோகிராம், சேலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது. ஸ்கிரீனில் ஒரு வரி வந்தது. துரை அதைச் சுத்தமாகப் படித்தார். மெமரி போதவில்லை என்பதுதான் அந்த வரி.

மரகதம் அதைத் தமிழில் சொன்னது முதலாளி காதிலும் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, முப்பத்திரண்டு போட்டும் பத்தலைங்களா? அறுவத்தி நாலாப் போட்டிரலாமுங்களா?"

"எவ்வளவு போட்டாலும் பத்தாதுங்க," என்றேன். எனக்கே கேட்க நன்றாக இல்லை.

"ரெண்டு எம்.பி.யில பேசுன மெஷின் முப்பத்திரண்டுல பேசாதுன்னா, எந்த ஊரு நாயமுங்க இது?"

கேள்வி நியாயமான கேள்வி. கோபிநாத்தாக இருந்தால் ஏதாவது பூசி மெழுகியிருப்பார். எனக்கு அந்தத் திறமை கிடையாது. முதலாளி, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும்.

3. கீழ்த் தளம்

மெஷினில் எத்தனை எம்.பி. மெமரி இருந்தாலும், டாஸ் புரோகிராம் குடியிருப்பது முதல் அறுநூற்று நாற்பது கே.பி.க்குள்தான், ஒரு எம்.பி.கூடக் கிடையாது. பேசும் புரோகிராம் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரிசர்வேஷன் புரோகிராமுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வேண்டும். பழைய மெஷினில் வேறு யாரும் கிடையாது, இரண்டும் நெருக்கிக்கொண்டு படுத்துக்கொண்டன. புது மெஷினில் அதே இடத்துக்குள் சி.டி. டிரைவின் டிரைவர், மவுஸின் டிரைவர், சவுண்டின் டிரைவர், இடம் மிச்சமாக டிஸ்க்கை அமுக்கி வைக்கிற டிரைவர் என்று கல்யாணக் கூட்டம் மாதிரி முன்னாலேயே வந்து இடம் பிடித்துவிட்டன. மேலே முப்பத்தொரு எம்.பி. காலியாகக் கிடந்தது.

இதை மரகதத்துக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவருக்கு அது ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது.

"முட்டி வலிக்குது, மாடி ஏற மாட்டேன், கீழ்த் தளத்துலதான் ரூம் வேணும்ங்கற கெஸ்ட்டு மாதிரிங்க துரை. நம்ம முதலாளி மேல இன்னும் நாலு மாடி கட்டிட்டு, அதான் இத்தனை ரூம் இருக்குதேங்கறாரு."

"அதேதாங்க."

"அப்பக் கீழ இருக்கற சின்னப் பசங்களை மேல அனுப்புங்க. சாமானை எடுத்துட்டு ஏறட்டும்."

செய்ய வேண்டியது அதுதான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்து அதைத்தான் செய்தேன். விண்டோஸ் தானாகத் திறக்காமல், டாஸ் வரியிலேயே மெஷின் நிற்கும்படி முதலில் மாற்றினேன். அதற்கு ஒரு சிஸ்டம் ஃபைலில் ஒரு வரி மாற்றினால் போதும், ஆனால் அந்த ஃபைலே கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருக்கும். டிஸ்க்கை அமுக்குகிற டிரைவர் இந்த மெஷினுக்குத் தேவையே இல்லை, அதை வெளியே அனுப்பினேன். சி.டி. டிரைவரையும் அனுப்பினேன். மவுஸை டாஸில் எடுத்துவிட்டேன், மரகதத்துக்கு எலியும் பூனையும் ஒன்றுதான். டாஸின் பெரும்பகுதியையும் மிச்சமிருந்த டிரைவர்களையும் மேல் மெமரிக்கு ஏற்றினேன். ஒவ்வொன்றையும் ஏற்றிவிட்டு மெஷினை மறுபடி ஆன் செய்து, கீழே எவ்வளவு காலி என்று பார்க்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று வராது. வரிசையை மாற்றினால் முதலில் ஏறினது இறங்கிவிடும். மண்டை காய்ந்தது. மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து, துரை படிக்கிற கே.பி. கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுநடுவே போன் வரும். தேதியையும் பெயரையும் டேப் ரெக்கார்டரில் சொல்லி வைத்துக்கொண்டு, "சாயந்திரம் கூப்பிட்டுச் சொல்றேனுங்க," என்று போனை வைப்பார். சாயந்திரம் சொல்ல வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது, குரலில் மட்டும் அது வரவில்லை.

பதினொரு மணிக்கு மேல் ரிசர்வேஷன் புரோகிராம் திறந்தது. துரை முதல் வரியைப் படித்தார். மரகதம் கையை கீபோர்டில் வைத்து, மே மாதத்துக்குப் போய், ஒவ்வொரு ரூமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் அவர் மெஷினை அணைத்து, ஆன் செய்து, மறுபடி அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"எண்ண மாட்டேங்குதுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பழைய மெஷின் ஆன் ஆனதும் டிக் டிக் டிக் என்று மெமரியை எண்ணும். எண்ணி முடித்ததும் ஒரு பீப். அப்புறம் டிஸ்க் ஓடும், அப்புறம் துரை. துரை வருகிற வரைக்கும் அவருக்கு இருட்டுதான், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மெஷின் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வார். புது மெஷின் சத்தமே போடாமல் நேராக எழுந்திருக்கிறது. சீக்கிரம் எழுந்திருக்கட்டும் என்று குவிக் பூட் என்கிற செட்டிங்கைக் கடையிலேயே நான்தான் போட்டிருந்தேன். எல்லா மெஷினுக்கும் போடுவோம், கஸ்டமர் சந்தோஷப்படுவார். அதை எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு எம்.பி.யையும் மெஷின் நிதானமாக எண்ணியது. மரகதம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

மத்தியானம் முதலாளி வந்தார். ஸ்கிரீனில் ரூம் பட்டியல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது, மரகதம் காதுக்குக் கேட்டது. இரண்டும் ஆனதில் அவருக்குத் திருப்தி. ஆனால் கலரைக் காணோம் என்று முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. WIN என்று டைப் அடித்து என்டர் கொடுத்தால் கலர் வரும் என்று காட்டினேன். மவுஸ் பழகுவதற்கு அந்தக் காலத்தில் எல்லாருக்கும் சீட்டாட்டத்தைத்தான் சொல்லிக் கொடுப்போம். அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். மூடுவதற்கு ஸ்டார்ட்டை அழுத்தி, ஷட் டவுன் கொடுக்க வேண்டும், பட்டனை அப்படியே அழுத்திவிடக் கூடாது என்றும் சொன்னேன்.

"ஆஃப் பண்றதுக்கு ஸ்டார்ட்டை அமுக்கோணுமுங்களா? பண்ணினவனுக்குப் புத்தி இருக்குதுங்களா?" என்று முதலாளி சிரித்தார். மரகதமும் சிரித்தார்.

4. சனிக்கிழமை போன்

மே மாதம், சீசன் உச்சத்தில் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் முதலாளியிடமிருந்து போன்.

"மேடம், நீங்க போட்டுக் குடுத்த மெஷின் நின்னு போச்சுங்க. இங்கிலீஷ்ல என்னமோ எழுதிட்டு அப்படியே கெடக்குது. துரையும் பேசலை. வெளிய கார் கார்னு வந்து நிக்குது. மரகதம் எதையோ அமுக்கிருச்சுங்க. கண்ணு தெரியாத புள்ளை, அதைச் சொல்லிக் குத்தமில்லை. என்ர தப்புங்க. மச்சினருக்குப் போன் போட்டுட்டேன், திங்கக்கெழமை பொண்ணு வந்துரும். நீங்க வந்து மெஷினைச் சரி பண்ணிக் குடுத்துருங்க, போதும்."

பின்னாலிருந்து மரகதத்தின் குரல் கேட்டது. போனை வாங்கிப் பேசினார்.

"லலிதாங்களா? நீங்களே வாங்க. வந்து ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க. அப்புறம் நான் ஊட்டுக்குப் போறேன்."

நான் கிளம்பும்போது கோபிநாத் வாசல் வரைக்கும் வந்தார். "அவரு சேலத்துல ஓட்டல் கட்டறாரு. அங்க பூரா நம்ம மெஷினுதான், பேசி வெச்சிருக்கேன். போய் சரி பண்ணிட்டு, சிரிச்சுட்டு வந்துரு. ஞாயம் பேசிட்டு நிக்காதே," என்றார். என் வாய் அவருக்குத் தெரியும்.

லாட்ஜில் கவுன்ட்டர் முன்னால் மூன்று குடும்பம் பெட்டியோடு நின்றது. முதலாளி ஒரு தாளில் ரூம் நம்பரை எழுதி, அடித்து, எழுதிக்கொண்டிருந்தார். மரகதம் கீபோர்டிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தொட வேண்டாம்னுட்டேனுங்க," என்றார் முதலாளி. "இன்னும் கெட்டுப் போயிருமில்லீங்க."

நான் மரகதத்திடம் கேட்டேன். "காலையில என்னென்ன சத்தம் கேட்டுதுங்க?"

"எண்ணுச்சு. எண்ணி முடிச்சு ஒரு பீப். டிஸ்க் கொஞ்சம் ஓடுச்சு. அப்புறம் துரை வரோணும். வரலைங்க."

ஸ்கிரீனைப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. விண்டோஸை ஒழுங்காக மூடாமல் மெஷினை அணைத்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது அது டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு கீயை அழுத்தும் வரை காத்திருக்கும். அது வருகிற இடம் பேசும் புரோகிராம் ஏறுவதற்கு முன்னால். பார்க்கிறவருக்கு அது ஒரு மெசேஜ். மரகதத்துக்கு அது ஒன்றுமே இல்லாத அமைதி.

ஒரு கீயை அழுத்தினால் வேலை முடிந்தது. சின்ன ப்ராப்ளம்தாங்க என்று சொல்லி, சிரித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். கோபிநாத்துக்கும் சந்தோஷம், முதலாளிக்கும் சந்தோஷம். திங்கட்கிழமை அந்தப் பெண் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அப்படிச் செய்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை எனக்கும் வேண்டியதாகத்தான் இருந்தது.

மரகதம் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "படிங்க," என்றார்.

படித்தேன். முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில், கவுன்ட்டரில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை. அதனால் டிஸ்க்கில் பிழை இருக்கலாம். இந்த மெசேஜ் மறுபடி வராமல் இருக்க, ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் கொடுத்து மூடவும். தொடர ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்."

"அப்படின்னா?" என்றார் முதலாளி.

"விண்டோஸைத் திறந்தவங்க மூடாமப் பட்டனை அமுக்கியிருக்காங்கன்னு அர்த்தமுங்க."

"யாருங்க?"

"அதை எழுதலைங்க."

விண்டோஸுக்குள் போனால் துரை பேச மாட்டார். மரகதம் அந்தப் பக்கம் போனதே கிடையாது, போகத் தேவையும் இல்லை. அதை அவரே சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர், "யாரு அமுக்குனா என்னங்க, எங்களுக்கு ரூம் இருக்குதா இல்லீங்களா?" என்றார்.

முதலாளி பேனாவை மேஜையில் வைத்தார்.

"நேத்து சாயந்திரம் இடி இடிச்சுதுங்க," என்றார். மலையில் இடி இடித்தால் மெயினை இறக்கி, பிளக்கை எல்லாம் பிடுங்கிவிடுவது எல்லா லாட்ஜிலும் வழக்கம். "சீட்டு ஆடிட்டு இருந்தேன். பிளக்கைப் புடுங்கியும் இது அணையலை. பேட்டரி இருக்குதுங்கறது அந்த நேரத்துல தோணலைங்க. பட்டனை அமுக்கிட்டேன். நான்தானுங்க."

கடைசி வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. ஆனால் சொன்னார். வந்து நின்ற மூன்று குடும்பத்துக்கும் முன்னால் சொன்னார், அதை நான் மறுக்க முடியாது.

"மரகதம், ஏதாச்சும் ஒரு கீயை அமுக்குங்க," என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்டரை அழுத்தினார். சோதனை ஓடி முடிந்தது. துரை மூக்கால் பேச ஆரம்பித்ததும் அந்தக் குழந்தை பயந்து அழுதது. மரகதம் முதல் குடும்பத்தின் பெயரைக் கேட்டார்.

முதலாளி போனை எடுத்து சேலத்துக்கு நம்பர் போட்டார். "மச்சான், நான்தான். புள்ளைய அனுப்ப வேண்டாம். இல்லீங்க, ஒண்ணுமில்லை. இங்க ஆள் இருக்குது."

5. பஸ்ஸுக்கு முன்னால்

அந்தச் சோதனை மறுபடி தானாக வராதபடி ஒரு வரியை மாற்றி வைத்தேன். சீட்டாட்டத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு முதலாளி, "அது இருந்துட்டுப் போவுதுங்க. ஸ்டார்ட்டை அமுக்கியே ஆஃப் பண்ணிக்கறேன்," என்றார். கோபிநாத் பயந்தது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டல் மெஷினும் எங்களிடம்தான் வாங்கினார்.

மரகதம் ஆபீஸ் வாசல் வரைக்கும் என் கூட வந்தார். வெளியே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு பேசினார்.

"அவரு சீட்டு ஆடறது எனக்குத் தெரியுமுங்க. மவுஸ் டக்கு டக்குன்னு கேக்குமே. நேத்து மழைக்கு ஒதுங்கி இந்த வாசல்லதான் நின்னேன். இடி இடிச்சுது, பிளக்கைப் புடுங்குனாரு, பட்டனை அமுக்குனாரு. எல்லாம் கேட்டேன்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அதைக் காலையிலயே சொல்றதுக்கென்னங்க? நான் வர வரைக்கும் பழியைச் சுமந்துட்டு உக்காந்திருந்தீங்க."

"நான் சொன்னா, முதலாளி மேல பழி போடறேன்னு ஆயிருமுங்க. கண்ணு தெரியாதவ, அவரு அமுக்குனாருன்னு சொன்னா எந்தச் சாமி வந்து சாட்சி சொல்லும்? ஆனா துரைக்கு முன்னாடி மெஷின் நின்னுச்சுன்னா ஸ்கிரீன்ல ஏதாச்சும் எழுதித்தானே நிக்கும். எழுதியிருந்துச்சு. காலையில இருந்து இந்த ரூம்ல அத்தனை பேரு கண்ணை வெச்சுட்டு நின்னாங்க. ஒருத்தரும் படிக்கலைங்க."

பஸ் வந்துவிட்டது.

சர்வீஸ் லைனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டு. பழைய மெஷினை மாற்றித் தரும்போது எவ்வளவு மெமரி, எந்த ஓ.எஸ். என்று கேட்பதற்கு முன்னால், அந்த மெஷினில் அவர் எதை ஓட்டுகிறார், அது ஓடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். இன்னொன்று, நின்று போன மெஷினிடம் போனால் ஸ்கிரீனில் இருப்பதை முதலில் வாய்விட்டுப் படியுங்கள், அந்த ரூமில் இருக்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. கீயை அப்புறம் அழுத்தலாம்.